சொக்சோ பணம் வந்த பிறகு யார் தேடுவது?

காலை ஆறு மணிக்கெல்லாம் பினாங்குப் பாலம் விழித்துக்கொள்கிறது. பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் எனப் பெருநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் கிளம்பும் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்துத் தீவை நோக்கி விரைகின்றன. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியது. 1985இல் பாலம் திறந்தது. அன்றிலிருந்து இந்த வரிசை நின்றதே இல்லை. அதில் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு என்பது நாம் அறிந்ததே. நம்மில் பலருடைய அப்பாவோ அண்ணனோ அத்தையோ இன்று காலையும் அதே வரிசையில் போயிருப்பார்கள்.

அந்த வரிசையில் ஒருவரை ஒரு லாரி உரசிவிட்டால் என்ன நடக்கும்? குடும்பத்தார் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். போலீஸ் புகார் செய்வார்கள். தொழிற்சாலைக்குத் தகவல் போகும். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோ பாரம் நிரப்பப்படும். சில வாரங்களில் பணம் வரத் தொடங்கும். "அப்பாடா, சொக்சோ கிடைத்துவிட்டது" என்று வீடு பெருமூச்சு விடும். கோப்பு அலமாரிக்குள் போய்விடும்.

அந்தக் கோப்பு அலமாரிக்குள் போகும் இடத்தில்தான் இக்கட்டுரை தொடங்குகிறது. பணம் கிடைத்தது சரி. மோதிய லாரி யாருடையது, பிரேக்கைக் கடைசியாகப் பழுது பார்த்தது யார், ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டினார் என்பதையெல்லாம் யார் தேடுவது?

தவறு யாருடையது என்று கேட்காத பணம்

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1971இல் உருவானது சொக்சோ. இப்போது எல்லா இடத்திலும் பெர்கேசோ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் வீட்டில் பெரியவர்கள் வாயில் இன்னும் சொக்சோதான், நானும் அப்படியே எழுதுகிறேன். வேலையிட விபத்துத் திட்டத்துக்கு முதலாளி கட்டும் சந்தா சம்பளத்தில் 1.25 விழுக்காடு. தொழிலாளி இதற்குத் தனியாகக் கட்டுவதில்லை. அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் 0.5 விழுக்காடு இயலாமைத் திட்டத்துக்குப் போகிறது. விபத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 90 விழுக்காடு. கணக்கிடும் சம்பள உச்ச வரம்பு 2024 அக்டோபர் முதல் 6,000 ரிங்கிட்.

இதில் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. சொக்சோ "யார் தவறு" என்று கேட்பதில்லை. தொழிலாளியே கவனக்குறைவாக இருந்திருந்தாலும் பணம் கிடைக்கும். சொக்சோ அதிகாரி விசாரிப்பது வேறொன்றை: இது வேலை தொடர்பான விபத்தா? சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்வதுபோல வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பாதையில் நடந்ததா, அல்லது சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போன வழியில் நடந்ததா? வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பிவிட்டாரா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால் கோப்பு நகரும். லாரி ஓட்டுநர் சிவப்பு விளக்கில் வந்தாரா என்பது அந்தக் கோப்புக்குத் தேவையில்லாத சங்கதி.

தவறு பார்க்காமல் கொடுப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, சொக்சோ பெறத் தகுதியுள்ள தொழிலாளி அந்த விபத்துக்காகத் தம் முதலாளி மீதோ, முதலாளியின் ஊழியர் மீதோ வேறு சட்டத்தின் கீழ் நட்ட ஈடு கேட்க முடியாது என்று தடுக்கிறது. இது ஒரு பேரம். தொழிலாளிக்கு வழக்கில்லாமல் உறுதியான பணம். முதலாளிக்கு வழக்கு பயம் இல்லாத நிம்மதி. ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் வந்த விபத்துச் சட்டங்களிலிருந்து இந்தச் சிந்தனை பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு ஊழியர் மாநிலக் காப்புறுதிச் சட்டத்திலும் 53ஆம் பிரிவு இதே வேலையைத்தான் செய்கிறது.

நம்மவர்களில் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். "சொக்சோ எடுத்தால் கேஸ் போட முடியாது" என்று காப்பிக்கடையில் யாரோ சொன்னது அப்படியே மனத்தில் பதிந்துவிடுகிறது. அது பாதி உண்மை. 31ஆம் பிரிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதலாளியும் முதலாளியின் ஊழியரும்தான் அதில் இருக்கிறார்கள். வெளியார் இல்லை.

யார் அந்த வெளியார்?

பாலத்தில் மோதிய லாரியின் ஓட்டுநரும் அவருடைய கம்பெனியும் வெளியார். அவர்களின் லாரிக்கு 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் இருந்தாக வேண்டும். ஆகவே வழக்கு வென்றால் பணம் தர ஒரு காப்புறுதிக் கம்பெனி இருக்கும். சாலையில் நடப்பதால் இது எளிதில் புரிகிறது. தொழிற்சாலைச் சுவருக்குள் நடக்கும்போதுதான் குழப்பம்.

ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பிறையில் ஒரு தொழிற்சாலை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து ஒரு தொழிலாளியின் காலை நசுக்கிவிடுகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்கிறார் ஓட்டியவர். ஓட்டியவர் அதே முதலாளியின் ஊழியர் என்றால் 31ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆனால் அந்த ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு எடுத்தது. மாதா மாதம் பழுது பார்க்கும் பொறுப்பு வாடகைக் கம்பெனியுடையது. போன மாதம் அவர்கள் வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு வெளியார் வந்துவிட்டார். ஓட்டியவர் சரக்கு ஏற்ற வந்த போக்குவரத்துக் கம்பெனியின் ஆள் என்றால் இரண்டாவது வெளியார். தரை வழுக்கியதற்குக் காரணம் துப்புரவுக் குத்தகையாளர் கொட்டிய சோப்புத் தண்ணீர் என்றால் மூன்றாமவர். இயந்திரமே தவறாக வடிவமைக்கப்பட்டிருந்தால் அதைத் தயாரித்தவரும் விற்றவரும் வரிசையில் சேர்வார்கள்.

ஒரே கால், ஒரே வண்டி. ஓட்டியவரின் சட்டையில் எந்தக் கம்பெனி பெயர் தைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்து வழக்கு உண்டு அல்லது இல்லை! சட்டம் சில நேரம் இப்படித்தான் விசித்திரமாக இருக்கிறது.

ஏஜென்ட் மூலம் வேலைக்குச் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் சிக்கல். சம்பளச் சீட்டு ஏஜென்ட் பெயரில் வரும். வேலை வாங்குவது தொழிற்சாலை. நம் சட்டம் முதன்மை முதலாளி, நேரடி முதலாளி என இருவரைப் பற்றிப் பேசுகிறது. தொழிற்சாலை இங்கே முதலாளியா வெளியாரா என்பதே முதல் சண்டையாகிவிடும். இதற்கு விடை குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தத்தைத் தொழிலாளி கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பணம் கொடுத்தவரே தேடும் நாடுகள்

வெளிநாடுகளில் இந்தத் தேடலைப் பணம் கொடுத்தவரே செய்கிறார். காரணம் தர்மம் அல்ல, கணக்கு. வெளியாரின் தவறால் நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று இழப்பீடு கொடுத்த முதலாளியோ காப்புறுதிக் கம்பெனியோ கேட்கலாம். பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தான் நின்று, தவறு செய்தவரிடம் கொடுத்த பணத்தை வசூலிக்கும் இந்த உரிமைக்கு ஆங்கிலத்தில் சப்ரோகேஷன் என்று பெயர். மலாயிலும் சுப்ரொகாசிதான். தமிழில் 'மாற்றாள் உரிமை' என்று சொன்னால் பொருந்துமா? இடைநிலைப் பள்ளியில் எல்லாவற்றையும் மலாயில் படித்துவிட்டு வந்தவன் சொல் தேடினால் இப்படித்தான் வரும். தமிழ் விரிவுரையாளர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த உரிமை பழையது. பிரிட்டனின் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும், இழப்பீடு கொடுத்தவர் தவறு செய்த அந்நியரிடமிருந்து அதை ஈடு செய்துகொள்ளலாம் என்றது. அமெரிக்காவில் கலிபோர்னியாத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 3852ஆம் பிரிவும், ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 151இசட் பிரிவும் இதையே விரிவாகப் பேசுகின்றன. ஜெர்மனியில் இன்னும் நேரடி: பாதிக்கப்பட்டவரின் உரிமை, சமூகக் காப்புறுதி அமைப்பு கொடுக்கும் உதவியின் அளவுக்குச் சட்டப்படியே அந்த அமைப்பின் கைக்கு மாறிவிடுகிறது.

உரிமை இருந்தால் போதுமா? ஆதாரம் வேண்டுமே. இங்கேதான் வெளி விசாரணையாளர்கள் வருகிறார்கள். காப்புறுதிக் கம்பெனியின் எழுத்தர் நாற்பது கோப்புகளை மேசையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசுபவர். அவருக்கு விபத்து நடந்த கிடங்கின் வாசனைகூடத் தெரியாது. ஆகவே கட்டணம் கொடுத்து வெளியிலிருந்து ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் பல வேளைகளில் முன்னாள் போலீஸ்காரராகவோ தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாகவோ இருப்பார்.

அவர் செய்வதில் துப்பறியும் கதைகளில் வருவது போன்ற மந்திரம் எதுவும் இல்லை. நம் கற்பனைக் கிடங்குக்கே அவர் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபோர்க்லிஃப்ட்டின் தகட்டைப் படம் எடுப்பார். தயாரித்த கம்பெனி, வரிசை எண், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். பிறகு பழுது பார்த்த பதிவேட்டைக் கேட்பார். கழற்றிய பிரேக் பாகம் எங்கே என்பார். அது பழைய இரும்புக்காரரிடம் போவதற்குள் "இதைத் தொடக் கூடாது, இது சாட்சி" என்று எழுத்து மூலம் கடிதம் கொடுப்பார். கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பிரதி எடுப்பார், ஏனென்றால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே பேச வைப்பார். கடைசியாக, எல்லோரும் மறந்துவிடும் ஒரு காகிதத்தைக் கேட்பார்: வாடகை ஒப்பந்தம். யார் பழுது பார்க்க வேண்டும், யார் காப்புறுதி எடுக்க வேண்டும், விபத்து வந்தால் யார் யாருக்கு ஈடு கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும்.

அவர் அறிக்கையைப் பார்த்த பிறகுதான் வழக்கறிஞர் உட்கார்ந்து கணக்குப் போடுவார். கொடுத்தது எவ்வளவு, திரும்பக் கிடைக்கக் கூடியது எவ்வளவு, வழக்குச் செலவு எவ்வளவு? சிறு காயத்துக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். முதுகெலும்பு முறிவுக்கு விமானம் ஏறியாவது வருவார்கள்.

இந்த ஏற்பாட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. வசூலாகும் பணத்தில் கொடுத்தவர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார், மிச்சம்தான் தொழிலாளிக்கு. காலை இழந்தவர் எதிர்பார்த்த தொகையில் பெரும் பகுதி இப்படிப் போய்விடுவது அங்கே அடிக்கடி எழும் புகார். பக்கத்துச் சிங்கப்பூரில் வேறு விதமான இக்கட்டு: வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வாங்குவதா, நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதா என்று தொழிலாளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் தாராளமானது என்றால் மிகையாகாது. 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தில் 1984இல் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவு, காயத்துக்கான நட்ட ஈட்டைக் கணக்கிடும்போது காப்புறுதிப் பணத்தையும், ஏதேனும் எழுத்துச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் உதவித் தொகையையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. சொக்சோ வாங்கினார் என்பதற்காக லாரிக் கம்பெனி தர வேண்டியதில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லி வாதாட முடியாது.

ஆனால் உரிமை தாராளமாக இருக்கும் நாட்டில் தேட ஆளில்லை! சொக்சோவின் கேள்வி வேலை விபத்தா என்பதோடு நிற்கிறது. தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை விசாரிக்கிறது. ஆனால் அது குற்ற வழக்குக்காக. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாளியின் பொதுக் கடமைகளை மீறினால் 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 2024 ஜூன் முதல் 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. நல்லதுதான். அந்த அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். காலை இழந்தவர் வீட்டுக்கு ஒரு சென்னும் வராது.

தஞ்சோங் பூங்காவில் நடந்தது

வெளியிலிருந்து வந்து தேடினால் என்ன தெரியவரும் என்பதற்கு நம் தீவிலேயே ஒரு சான்று உண்டு. 2017 அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் லெங்கோக் லெம்பா பெர்மாய் பகுதியில் கட்டுமானத் தளத்தின் மண் சரிவு சரிந்து 11 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சொக்சோ கிடையாது. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான். ஒரு மரணத்துக்கு அந்தச் சட்டம் வைத்த உச்ச வரம்பு 18,000 ரிங்கிட். 2019 ஜனவரியில்தான் அவர்களும் சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள்.

கட்டுமானத் தளத்தில் மேம்பாட்டாளர், தலைமைக் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர்கள், ஆலோசகப் பொறியியலாளர்கள் என்று அடுக்கடுக்காக ஆட்கள் இருப்பார்கள். இறந்தவருக்குச் சம்பளம் கொடுத்தவர் அந்த அடுக்கின் அடியில் இருப்பவர். சரிவை வெட்டச் சொன்னவர், வரைபடம் போட்டவர், மேற்பார்வை பார்த்திருக்க வேண்டியவர் எல்லாம் மேலே. இழப்பீட்டுப் பாரத்தில் கேட்பது அடியில் இருப்பவரின் பெயரை மட்டும்தான். பினாங்கு மாநில அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்துச் சாட்சிகளை அழைத்து, நிபுணர்களைக் கேட்டு, ஆவணங்களைப் புரட்டிய பிறகே, அது மனிதர்களின் செயலால் நேர்ந்தது, தடுத்திருக்கக் கூடியது என்று வெளியே வந்தது. இயற்கை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. அறிக்கை வருவதற்கு முன்பே, 2018 அக்டோபர் 19ஆம் நாள், புக்கிட் குக்குஸ் சாலைக் கட்டுமானத்தில் இன்னொரு மண்சரிவு ஒன்பது தொழிலாளர்களை விழுங்கிவிட்டது.

பதினொரு பேர் ஒரே நாளில் இறந்தால் ஆணையம் வருகிறது. ஒருவர் ஒற்றைக் காலை இழந்தால் யார் ஆணையம் அமைப்பார்கள்?

வருகிறார்கள், எதிர்த் தரப்பிலிருந்து

நம் ஊரில் வெளி விசாரணையாளரே கிடையாது என்று சொல்ல முடியாது. இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் லாரியின் காப்புறுதிக் கம்பெனி அனுப்பி வருகிறார்கள். கம்பெனி செலவைக் குறைக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். அது அவர்கள் தொழில், அதில் தவறில்லை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அவர் யாருக்காக வந்திருக்கிறார் என்பதை.

என் மாமா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து வரும்போது ஒரு லாரி இடது பக்கம் திரும்பி அவரைத் தட்டிவிட்டது. வார்டில் படுத்திருந்தபோது நீளக்கைச் சட்டை போட்ட, மரியாதையாகப் பேசும் ஒருவர் கோப்போடு வந்தார். "அங்கிள், ஒரு சின்ன ஸ்டேட்மென்ட்" என்றார். மாமா சொன்னது, "லாரி சிக்னல் போட்டதைப் பார்க்கவில்லை" என்று. அதாவது, அவன் சிக்னலே போடவில்லை என்ற பொருளில். மலாயில் எழுதி முடித்தபோது அது "லாரியைப் பார்க்கவில்லை" என்று ஆகிவிட்டிருந்தது. மாமா கையெழுத்துப் போட்டார். வலி ஊசியின் மயக்கம் வேறு. பின்னால் அந்த ஒரு வரி அவருடைய பங்குத் தவறை உயர்த்திப் பேசப் போதுமானதாக இருந்தது. நம் சட்டத்தில் பாதிக்கப்பட்டவரின் பங்குத் தவறுக்கு ஏற்ப நட்ட ஈடு குறையும்.

மருத்துவமனை வாசலில் வேறொரு வகையினரும் உண்டு. தரகர்கள். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். தமிழிலேயே பேசுவார்கள், "தம்பி நம்ம ஆளு" என்று தோளில் கை போடுவார்கள். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவுப்படி, வென்றால் இத்தனை விழுக்காடு என்று பேசிக்கொள்ள வழக்கறிஞருக்கே அனுமதி இல்லை. அப்படியிருக்கத் தரகர் கேட்கும் முப்பதும் நாற்பதும் எந்தக் கணக்கு? முறையான தனியார் புலனாய்வாளருக்கு 1971ஆம் ஆண்டுத் தனியார் நிறுவனச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். காப்புறுதி மதிப்பீட்டாளர் பேங்க் நெகாராவின் அனுமதி பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எவ்வளவு பணம், எத்தனை நாள்?

தேடுவதால் என்ன கிடைத்துவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 25 வயது இளைஞர், மாதம் 2,000 ரிங்கிட் சம்பளம், விபத்துக்குப் பிறகு இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்துக்கொள்வோம். 28ஏ பிரிவின்படி 30 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் எதிர்கால வருமான இழப்பை 16 ஆண்டுக்குக் கணக்கிட வேண்டும். வாழ்க்கைச் செலவாக 600 ரிங்கிட்டைக் கழித்தால் மாதம் 1,400, ஆண்டுக்கு 16,800, பதினாறு ஆண்டுக்கு 268,800 ரிங்கிட். வலி வேதனைக்கான தொகை, மருத்துவச் செலவு, பார்த்துக்கொள்ளும் ஆளின் செலவு எல்லாம் தனி. இது சொக்சோவுக்கு மேல் வருவது. லாரியின் எண்ணைக் குறித்து வைக்காததால் ஒரு குடும்பம் இழக்கக் கூடியது இது.

சொக்சோவே மறுத்துவிட்டாலும் இந்த வழி அடைபடுவதில்லை. வேலை முடிந்து நண்பன் வீட்டுக்குத் திரும்பிய பாதையில் விபத்து நடந்திருந்தால் "வழி மாறிவிட்டார்" என்று சொக்சோ சொல்லலாம். லாரிக்காரர் அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய கவனக்குறைவு எந்தப் பாதையிலும் கவனக்குறைவுதான். அதேபோலப் போலீஸ் யார் மீது சம்மன் எழுதினார்கள் என்பதும் சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சம்மன் வந்த பயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால், அந்த ஒப்புதல் பின்னால் நமக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். சம்மன் கையில் கிடைத்ததும் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. பணமில்லை என்றால் ஜோர்ஜ்டவுனில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் தமிழில் பேசவும் ஆள் உண்டு. சாலை விபத்து வழக்கு என்றால் தொகை எவ்வளவு பெரிதானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். உயர் நீதிமன்றச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வெளி விசாரணையாளர் ஒருவர் முதல் வாரத்தில் செய்வதில் பாதியை, கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவரே செய்துவிடலாம். வண்டி எண்ணும் லாரிக் கதவில் எழுதியிருக்கும் கம்பெனி பெயரும் தெரியும்படி படம். எதிரே இருக்கும் எண்ணெய் நிலையத்தில் கேமரா இருந்தால் அன்றே போய்ப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி ஒரு கடிதம். பார்த்தவர்களின் தொலைபேசி எண். கிழிந்த சட்டையையும் உடைந்த தலைக்கவசத்தையும் தூக்கி எறியாமல் ஒரு பை. போலீசார் வரையும் விபத்துத் தள வரைபடத்தையும் அதன் குறிப்புகளையும் கட்டணம் கட்டிப் பெறலாம். தொழிற்சாலை விபத்து என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பாரத்தின் பிரதியை வாங்கி, விபத்து எப்படி நடந்தது என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வீட்டில் மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் நாம்தான். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தால், அது சொக்சோ பணத்தைப் பாதிக்காது என்றாலும் வெளியார் மீதான வழக்கில் எதிர்த் தரப்பு அதைத் தூக்கிப் பிடிக்கும். உடனே எழுத்து மூலம் மறுத்து வைக்க வேண்டும்.

நாள் கணக்கும் ஒரே மாதிரி இல்லை. காயம் பட்டவர் வழக்குப் போட 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது. இறந்தவரின் குடும்பம் தம் ஆதரவை இழந்ததற்காகக் கேட்பது என்றால் சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி இறந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டு. மோதியது அரசாங்க வண்டி, அல்லது பொது அதிகாரத் தரப்பு தன் கடமையைச் செய்யும்போது நேர்ந்த தவறு என்றால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 36 மாதம். சொக்சோ மாதா மாதம் வந்துகொண்டிருப்பதால் இந்த எண்ணிக்கை எதுவும் நிற்பதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்தே, மரணம் என்றால் இறந்த நாளிலிருந்தே, அது ஓடிக்கொண்டிருக்கும்.